நெட்டிலிங்கத்தில் ஜன்னல் அளவுக்கு

பார்த்துக் கால் வை கண்ணு. அங்கே முழுக்க வௌவால் துப்பிப் போட்டது, வழுக்கும். ஏணியை அந்தச் சுவரில் சாத்தாதே. சுவரில் வழிந்திருக்கிறதே, அது சுண்ணாம்பு இல்லை, எச்சம். கையில் பட்டால் சோப்புப் போட்டாலும் நாற்றம் போகாது. நான் பட்டுத்தான் சொல்கிறேன். இந்தப் பக்கம் வா. அந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார். கொடுவாளைக் கீழே வை. ஏறுவதற்கு முன்னால் இந்த மரத்தைப் பற்றி உனக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நீ பாட்டுக்கு அடியிலே வைத்து அறுத்துத் தள்ளிவிட்டுப் போய்விடுவாய்.

முழு மரம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். நடுவில் கொஞ்சம்தான். எவ்வளவு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மரத்தைப் பார். நெட்டிலிங்கம். இந்தத் தெருவில் இவ்வளவு உயரத்துக்கு வேறு எவன் வீட்டிலும் கிடையாது. நேராக, கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நிற்கிறதா இல்லையா? இப்போது அதன் காலடியைப் பார். சீ. பழமா அது? கறுப்பாக, கொழகொழவென்று. வௌவால் பாதி தின்றுவிட்டு மீதியைத் துப்புகிறது. அந்தத் துப்பலில் ஈ. அந்த ஈ என் டீ டம்ளரில். இது போதாதென்று இலை. விடிந்தால் ஒரு கூடை. காலையில் கூட்டினால் மத்தியானம் மறுபடி ஒரு கூடை. நான் ஒன்று சொல்லட்டுமா? போன மாசம் வரைக்கும் இந்த மரம் ஓர் இலை கொட்டியதில்லை. வருசக்கணக்காக இந்த வாசல் சுத்தமாக, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, கண்ணாடி மாதிரி இருந்தது. இவள் போனாள், அன்றிலிருந்து மரம் கெட்டுப்போய்விட்டது. ஏதோ நோவு வந்திருக்கிறது மரத்துக்கு. உனக்குத் தெரிந்தால் சொல்லு.

இவள் என்றால் என் வீட்டுக்காரி. பாவாயி. எங்கே போனாள் என்றா கேட்கிறாய்? சொல்கிறேன், அதற்குத்தான் உட்காரச் சொன்னேன்.

எனக்குப் படிப்பு அஞ்சாவதோடு சரி. போர்வெல் லாரியில் பைப் மாட்டுகிறவனாகப் போய், டிரில்லர் ஆகி, இடுப்பு விட்டுப்போகும் வரைக்கும் ஊர் ஊராகத் தண்ணீர் தோண்டினவன். திருச்செங்கோட்டு லாரி போகாத ஊர் இந்தியாவில் உண்டா? ராய்ப்பூரில் ஓர் அதிகாரி பங்களாவில் போர் போட்டோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது, சேற்றில் நிற்கிறேன், நிமிர்ந்து பார்த்தால் மதில் ஓரமாக இந்த மரங்கள். வரிசையாக. போலீஸ்காரன் நிற்கிற மாதிரி. ஒரு மரம் பக்கத்து மரத்தைத் தொடவில்லை. வேம்பு, புங்கன் எல்லாம் எப்படி? அடுத்தவன் கூரை மேலே கையைப் போடும், அவன் பல்லாங்குழி ஆடுவதற்கு நிழல் கொடுக்கும். இது அப்படி இல்லை. தன் இடத்தில் தான் நிற்கும். அப்போதே நினைத்தேன், வீடு என்று ஒன்று கட்டினால் இந்த மரம் ஒன்று வைக்க வேண்டும்.

வீடு கட்டினேன். இதோ இந்த வீடு. இடம் மாமனார் வழி வந்தது. காட்டைப் பிரித்தபோது பாவாயி பங்குக்குக் கொடுத்தார்கள், பத்திரமும் அவள் பேரில்தான் இருக்கிறது. அது கிடக்கட்டும், செங்கல்லும் சிமெண்டும் என் இடுப்பு. அடுத்த மனை தறி ஓட்டுகிற அவள் தம்பிக்கு. செங்கோட்டுவேலு. அதோ, மரத்துக்கு அந்தப் பக்கம் மாடி தெரிகிறதே, அவன் வீடு. அவனைப் பற்றித்தான் இனி சொல்லப் போகிறேன், கொஞ்சம் பொறுத்துக் கேள்.

வீடு கட்டும்போது நான் சத்தீஸ்கரில். வந்து பார்த்தால் சமையலறை ஜன்னல் அவன் வாசலைப் பார்த்து இருக்கிறது. தெரு அந்தப் பக்கம், காற்று வருவது இந்தப் பக்கம், ஜன்னல் எதற்கு அங்கே? கொத்தனாரைக் கேட்டேன். அம்மாதான் அங்கே வைக்கச் சொன்னாங்க என்றான். சரி, போகட்டும் என்று விட்டேன். நான் பெருந்தன்மையாக விட்ட விசயங்களைச் சொன்னால் சாயங்காலம் ஆகிவிடும். அந்த ஜன்னலில் நின்றுகொண்டு இவள் தாளிப்பாள், அங்கே தம்பி பெண்டாட்டி சரசு தும்முவாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். என்ன சிரிப்பு வேண்டியிருக்கிறது? கிண்ணத்தில் புளிக்குழம்பு அந்தப் பக்கம் போகும், கம்பங்களி இந்தப் பக்கம் வரும். சுவரே இல்லாத மாதிரி நடந்துகொண்டார்கள்.

அப்புறம் புண்ணியார்ச்சனை. பால் காய்ச்சிக் குடிபோகிற நாள். அன்றைக்குப் பிறந்த வீட்டுச் சீர் வர வேண்டும் இல்லையா? வந்தான். தேங்காய், பழம், வெற்றிலை, பாவாயிக்கு ஒரு சேலை, எனக்கு ஒரு வேட்டி, துண்டு. தட்டை நீட்டி, 'மச்சான், கட்டிக்குங்க' என்று பல்லைக் காட்டினான். சபையில் வாங்கிக்கொண்டேன். உள்ளே போய்ப் பிரித்தேன்.

இப்போது நன்றாகக் கேள். கோடித் துணி என்றால் முனையில் மஞ்சள் தொட்டு வைக்கிறோம். உங்கள் வீட்டிலும் வழக்கம்தானே? ஒரு துணிக்கு ஒரு மஞ்சள். எடுத்தவன் தொட்டு வைப்பான், கட்டுகிறவன் கட்டுவான். இந்த வேட்டியில் இரண்டு மஞ்சள். ஒரு முனையில் புதுசாக, ஈரம்கூடச் சரியாகக் காயாமல். எதிர் முனையில் பழசாக, காய்ந்து, பழுப்பு ஏறி. ஒரு கோடித் துணிக்கு இரண்டு மஞ்சள் எப்படி வரும்? நீயே சொல்லு. யாரோ அவனுக்கு வைத்துக் கொடுத்ததை அவன் எனக்கு வைத்திருக்கிறான். யாரோ என்ன யாரோ. அவன் மகள் காதுகுத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த வேட்டி அது. கரை பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் வைத்ததை, கட்டாமல், பெட்டியில் போட்டு வைத்திருந்து, என் வீட்டுச் சபையில், எனக்கே திருப்பி வைக்கிறான்.

பாவாயியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. அவளுக்கே அவமானமாகப் போய்விட்டது என்று நினைத்தேன். 'இருக்கட்டும் விடுங்க, எல்லாரும் இருக்காங்க' என்றாள். விட முடியுமா? சபையில் வந்து, வேட்டியை அவன் தோளில் போட்டு, உன் துணி உனக்கே இருக்கட்டும் மாப்ள, என் வீட்டில் கட்ட வேட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? குற்றமுள்ளவன் எங்காவது பேசுவானா? அக்காவை ஒரு பார்வை பார்த்தான், தட்டோடு திரும்பிப் போனான். பந்தியில் உட்காரவில்லை. சாப்பிடாமல் போய்விட்டான் என்று நாலு பேர் என்னைத்தான் குறை சொன்னார்கள். சாப்பிட வேண்டாம் என்று நான் சொன்னேனா?

அன்றைக்கு முடிந்தது பேச்சு. அப்புறம்தான் இந்த மரம்.

ஏற்காட்டு அடிவாரத்தில் ஒரு நர்சரியில் வாங்கிவந்தேன். முழங்கால் உயரம் இருந்தது. எங்கே வைத்தேன் பார்த்தாயா? சமையலறை ஜன்னலுக்கு நேராக, மதிலை ஒட்டி. ஒரே மரம். ஒன்று போதும். ஜன்னல் அகலம்தான் இந்த மரத்து அகலம். கீழிருந்து மேல் வரைக்கும் தழை தொங்கும். துணியில் திரை போட்டால் பொம்பளைகள் ஒதுக்கிவிட்டுப் பேசுவார்கள். மரத்தை எப்படி ஒதுக்குவாய்?

இதை நான் வளர்த்த மாதிரி எவனும் பிள்ளையை வளர்த்திருக்க மாட்டான். கோணாமல் வளர மூங்கில் கட்டினேன். ஆடு கடிக்காமல் முள் வைத்தேன். அடியில் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடித்தேன், கலெக்டர் ஆபீஸ் மரம் மாதிரி. தண்ணீர்? தினம் தண்ணீர். நான் வடக்கே இருந்தாலும் தண்ணீர் தவறினதில்லை. போனில் முதல் கேள்வியே அதுதான், மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாயா. ஊற்றினேனுங்க என்பாள். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் குடத்தில் பிடித்துச் சுமந்து ஊற்றுவாள். அவளுக்கு முழங்கால் வலி அதனால் வந்தது என்று என் மகள் சொல்கிறது. குடம் தூக்கினாலா முழங்கால் வலிக்கும்? வயசானால் வலிக்கும்.

மரம் ஜன்னல் உயரம் வந்தபோது ஒரு நாள் கேட்டாள். சமையல் பண்ணும்போது இருட்டாக இருக்கிறது, அந்த உயரத்தில் மட்டும் கொஞ்சம் கழித்துவிடலாமா என்று. லைட் போட்டுக்கொள் என்றேன். போட்டுக்கொண்டாள். அப்புறம் அவள் கேட்டதில்லை. அவளுக்கும் பழகிவிட்டது. சரசு சிரிப்பது மட்டும் எப்போதாவது கேட்கும். அப்புறம் அதுவும் இல்லை.

அந்த வேலு விட்டானா? மாடி எடுத்தான். என் மரத்துக்கு மேலே போக வேண்டும் என்றுதானே? நான் மரத்தின் தலையைக் கிள்ளாமல் விட்டேன். அவன் மாடிக்கு மேலே தண்ணீர்த் தொட்டி கட்டினான். என் மரம் தொட்டியையும் தாண்டிற்று. அதோ பார், நுனி எங்கே இருக்கிறது, தொட்டி எங்கே இருக்கிறது. அவன் மகளுக்கு வரன் வந்தது, அதற்காகத்தான் மாடி எடுத்தான் என்று இவள் சொன்னாள். தம்பியை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

ஓர் ஐப்பசியில் அடித்த காற்றில் மரம் கரண்ட் கம்பிப்பக்கம் சாய்ந்துவிட்டது. விடிந்து பார்த்தால் அவன் மாடித் தூணிலிருந்து ஒரு கயிறு வந்து என் மரத்தை இழுத்துக் கட்டியிருக்கிறது. மழையில் ஏறிக் கட்டியிருக்கிறான். என்னைக் கேட்டானா? என் மரத்தைத் தொட அவன் யார்? ஏணி போட்டு ஏறிக் கயிற்றை அறுத்துவிட்டேன். மரம் மறுபடி கம்பிப்பக்கம் மடங்கிற்று. இப்போதும் நடுவில் ஒரு வளைவு தெரிகிறது பார், அது அவன் கட்டின கயிற்றால் வந்தது. மரத்துக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டால் போகாது.

சரி. இனி நடந்ததைச் சொல்கிறேன். வைகாசி கடைசியில். காலை நேரம். சரசு ரேஷன் கடைக்குப் போயிருக்கிறாள். வேலு வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றவன் அப்படியே விழுந்திருக்கிறான். ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டது. வாய் கோணிவிட்டது, கூப்பிட முடியவில்லை. வெயில் ஏறி முகத்தில் அடிக்கும் வரைக்கும் அங்கேயே கிடந்திருக்கிறான். அவ்வளவு நேரமும் பாவாயி இதோ இந்த ஜன்னலில் நின்று இட்லிச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கும் அவனுக்கும் நடுவில் இந்த மரம்தான். சட்டி தேய்க்கிற சத்தம் அவனுக்குக் கேட்டதாம். பிற்பாடு வாய் கொஞ்சம் திரும்பினதும் அதைத்தான் சொன்னானாம். அக்கா சட்டி தேய்ச்சுட்டே இருந்துச்சு என்று.

தெருவில் போன பால்காரன் பார்த்துச் சத்தம் போட்டான். ஊரே ஓடிற்று. இவளுக்குக் கடைசியில்தான் தெரிந்தது. கையில் தேங்காய் நாரோடு ஓடினாள்.

நான் என்ன பண்ண முடியும்? நான் விழ வைத்தேனா? ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடாமல் இருந்தான். டாக்டரே சொன்னாராம். மாத்திரை போடாதவன் மரம் இல்லாவிட்டாலும் விழுவான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்த அன்றைக்குச் சாயங்காலம் இவள் என் முன்னால் வந்து நின்றாள். பாவாயி என் முன்னால் நின்று பேசுகிற ஆள் இல்லை. கதவுக்குப் பின்னால் இருந்து பேசித்தான் பழக்கம். அன்றைக்கு நேராக நின்றாள்.

'ஏனுங்க, அந்த மரத்த எடுத்துப் போடுங்க.'

நான் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த மரம் என்றேன். யாரோ மாத்திரை போடாததற்கு என் மரத்தை ஏன் வெட்ட வேண்டும் என்றேன். நாணயம் இல்லாத பயல் என்றேன். என் வேட்டியையே எனக்கு வைத்தவன் என்றேன். அதைச் சொன்னேனோ இல்லையோ, அவள் சொன்னாள். சத்தம் போடவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

'அந்த வேட்டிய பீரோவுல இருந்து எடுத்து அவங்கையில குடுத்தது நாந்தானுங்க. அந்த வருசம் அவனுக்குத் தறி ஓடலை. வெறுங்கையோட உங்க வாசல்ல ஏற மாட்டேன்னு வூட்டுக்குள்ளயே உக்காந்துட்டான். உங்களுக்குன்னு நாந்தான் எடுத்து, மஞ்சத் தொட்டு வெச்சிருந்தேன். சரசுக்கு அது தெரியாது. அவளும் ஒருக்கா தொட்டுட்டா.'

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். இத்தனை வருசமாக நான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறேன்? அது என் வீட்டு வேட்டி என்றுதானே? கடைசியில் என்ன ஆயிற்று? என் வீட்டு வேட்டிதான். நான் சொன்னது சரியாகப் போயிற்று. கரையைப் பார்த்ததுமே கண்டுபிடித்தேன். அதைத்தான் அவளிடமும் சொன்னேன். பார்த்தாயா, நான் சொன்னேனே, என் வேட்டிதான் என்று.

 அப்புறம், ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் சபையில் அவன் மானம் போயிருக்கும் என்றாள். சொல்லாமல் இருந்ததில் என் மானம் போகவில்லையா? அவள் உள்ளே போய் ஒரு மஞ்சப்பையில் இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு வந்தாள். பஸ் ஏறவில்லை, ஆட்டோ கூப்பிடவில்லை. இந்தக் கேட்டைத் திறந்தாள், சாத்தினாள். அந்தக் கேட்டைத் திறந்தாள், சாத்தினாள். இரண்டு சத்தமும் எனக்கு இங்கே உட்கார்ந்தபடியே கேட்டது.

கோபம் தணிந்தால் வருவாள் என்று இருந்தேன். வரவில்லை. தம்பியைக் குளிப்பாட்ட, தூக்கி உட்கார வைக்க, சரசு ஒருத்தியால் முடியவில்லையாம். அது ஒரு சாக்கு.

சாப்பாடா? அது வருகிறது. மத்தியானம் பார், அந்த மதில் மேலே ஒரு தூக்கு உட்கார்ந்திருக்கும். யார் வைக்கிறார்கள் என்று தெரியாது. உப்பு கம்மியாக இருக்கும். எனக்குக் கொதிப்பு இருக்கிறது என்று உப்பைக் குறைத்துப் போடுகிற ஆள் ஒருத்திதான். நான் வேண்டாம் என்றுதான் இருந்தேன். வெயிலில் வைத்தால் ஊசிப்போய்விடும், சோற்றை வீணாக்கக் கூடாது, அதனால் எடுத்துச் சாப்பிடுகிறேன். தூக்கைக் கழுவி வைக்கிறது கிடையாது. அப்படியே வைத்துவிடுவேன். ஒரு தரம் கழுவினேன், எறும்பு மொய்க்கிறது என்று. இப்போது கழுவியே வைக்கிறேன், வேறு ஒன்றும் இல்லை, எறும்புக்காக.

அவள் போனதிலிருந்துதான் இந்த மரம் இப்படி. முதல் நாள் கூட்டினேன், இடுப்பு கழன்றுவிட்டது. மறுநாள் கூட்டவில்லை. அதற்கு மறுநாள் வாசலில் கால் வைத்தால் இலை முட்டி வரைக்கும், அடியில் பழம் நசுங்கி, அது புளித்து, கள்ளுக்கடை மாதிரி ஒரு வீச்சம். வாந்தி வருகிறது. இத்தனை வருசம் இந்த மரம் இந்த எழவையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருந்தது? எனக்கு அது புரியவே இல்லை கண்ணு. என் கண் முன்னால் நல்ல மரமாக நடித்திருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அவள் அங்கேதான் இருக்கிறாள். எல்லாம் கேட்கிறது. நாற்காலியை வெயில் படாமல் நகர்த்துகிற சத்தம். தம்பிக்குக் கஞ்சி ஊட்டும்போது 'ஆ காட்டு' என்கிறாள். இருமுகிறாள். நாலு நாளாக இருமல் ஜாஸ்தியாக இருக்கிறது. எனக்கென்ன, அவள் தம்பி வீடு, அவள் இருமல். ஆனால் கேட்கிற சத்தத்துக்கு ஆள் தெரியாவிட்டால் ஒரு மாதிரி இருக்கிறது. முந்தாநாள் ஒரு குச்சியை ஜன்னல் வழியாக விட்டுத் தழையை விலக்கிப் பார்த்தேன். விலகினால்தானே? நான் வளர்த்த மரம், இண்டு இடுக்கு இல்லாமல் அடர்ந்து கிடக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். பொத்தென்று ஒரு பச்சைப் புழு, விரல் பருமன், சட்டைக் காலருக்குள்ளே விழுந்தது. ஐயே, இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. சட்டையைக் கழற்றி உதறிவிட்டு அந்த ஜன்னலுக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது அந்தப் பக்கம் அவள் சிரித்த மாதிரி இருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்க முடியாது, மரம் இருக்கிறது. வேறு எதற்கோ சிரித்திருக்கிறாள்.

மகள் வளர்மதி ஓசூரிலிருந்து தினம் போன் பண்ணுகிறது. 'அப்பா, அந்த மரத்த வெட்டிட்டீங்கன்னா அம்மா வந்துரும்' என்கிறது. நான் வெட்டுவேனா? வெட்டினால் வேலு என்ன நினைப்பான்? மச்சான் தோற்றுவிட்டான் என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே நினைப்பான். வாய் கோணியிருந்தால் என்ன, மனசு கோணாமல்தானே இருக்கிறது. அவன் தோளில் போட்ட வேட்டியை நான் திருப்பி எடுக்க முடியுமா? அதெல்லாம் நடக்காது.

இது வேறு விசயம். சமையலறை இருட்டாக இருக்கிறது. டீ வைக்கப் போனால் சர்க்கரை எது, உப்பு எது என்று தெரியவில்லை. லைட் போடலாம்தான், பகலில் லைட் போட்டால் கரண்ட் பில் யார் கட்டுவது? அதனால்தான் உன்னைக் கூப்பிட்டேன். வெளிச்சத்துக்கு.

இதோ, என்னோடு உள்ளே வா. செருப்போடு வா, பரவாயில்லை, இப்போது யார் கேட்கப் போகிறார்கள். இந்த ஜன்னல். கீழ்க்கட்டை இது, மேல்கட்டை அது. இந்த அளவுக்கு மட்டும் தழையை எடுத்துவிடு. இதற்குக் கீழே ஒரு கொப்பு போகக் கூடாது, இதற்கு மேலேயும் போகக் கூடாது.

அசிங்கமாக இருக்கும் என்கிறாயா? நடுவில் மொட்டைக் கம்பு, மேலே தழை, கீழே பாவாடை கட்டின மாதிரி தழை. தெரியும். திரும்பத் துளிர்க்க வருசக்கணக்காகும், துளிர்த்தாலும் பழைய மாதிரி வராது என்கிறாய். அதுவும் தெரியும். தெருவில் போகிறவன் சிரிப்பான். சிரிக்கட்டும். ராய்ப்பூர்க்காரன் வந்து பார்க்கப் போகிறானா?

சரி, ஏறு. மெதுவாக ஏறு. நான் இங்கே ஜன்னல்கிட்டேயே நிற்கிறேன், கட்டை எங்கே வருகிறது என்று கையைக் காட்டுகிறேன். கை தெரிகிறதா? இலைக்குள்ளே விரலை ஆட்டுகிறேன், பார். அதுதான் கீழ் மட்டம். அங்கிருந்து ஆரம்பி.

ம். எடு. அடுத்தது. புழு இருந்தால் தட்டிவிட்டு எடு, என் பக்கம் தள்ளாதே.

கண்ணு, ஒரு நிமிசம். அந்தப் பக்கம் வாசலில் ஒருத்தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அவனை நீ பார்க்காதே. பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? சும்மாதான் கேட்கிறேன், கொப்பு விழுந்து யார் மண்டையிலாவது பட்டுவிடக் கூடாது பார். ஒரு பொம்பளையா? என்ன சேலை? ஊதாவா, ஊதாவில் மஞ்சள் கரையா? ம். என்ன பண்ணுகிறாள்? வெந்நீரில் துண்டு பிழிகிறாளா. இளைத்திருக்கிறாளா, எப்படி இருக்கிறாள்? உனக்கு எப்படித் தெரியும், நீ முன்னே பார்த்ததில்லை. சரி, வெட்டு.

என்ன? மேலே பார்க்கிறாளா? உன்னிடம் கேட்கிறாளா, யார் வெட்டச் சொன்னது என்று? கரண்ட் ஆபீசில் சொன்னார்கள், கம்பியில் உரசுகிறது என்று சொல்லு. ஜன்னல் உயரத்தில் கம்பி எங்கே இருக்கிறது என்று கேட்டால்? கேட்க மாட்டாள். அவள் அப்படியெல்லாம் குறுக்குக் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. சொல்லு.

சொல்லிவிட்டாயா? என்ன சொன்னாள்? துண்டைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறாளா?

எங்கே, எனக்கு இங்கே இருந்து ஊதாவாக ஏதோ ஒரு துளி தெரிகிறது. அவ்வளவுதான் தெரிகிறது.

சாமி, இன்னும் ரெண்டு கொப்பு எடு. ஜன்னல் அவ்வளவு சின்னது இல்லை.